பாலையில் ஆள் எங்கே: நியா இடிபாடுகளின் புகைப்படங்களை முன்வைத்து

ஆரல் ஸ்டெயின் தக்லமக்கான் பாலைவனத்தில் எடுத்த படங்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனால் கொஞ்ச நேரத்தில் சலித்துவிடும். மணல். மணலிலிருந்து பல் உதிர்ந்த சீப்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் மரத்தூண்கள். பின்னால் எதுவுமில்லாத வானம். பல படங்களில் ஓரமாக ஒருவர் நீள அங்கியோடு நின்றுகொண்டிருப்பார். எதையும் செய்துகொண்டிருக்க மாட்டார், சும்மா நிற்பார். தூண் எத்தனை அடி உயரம், சுவர் எவ்வளவு கனம் என்று லண்டனில் புத்தகம் புரட்டுகிறவனுக்குத் தெரிய வேண்டுமே, அதற்காக நிறுத்தப்பட்ட ஆள். அளவுகோலுக்குப் பதில் ஆள். படத்துக்குக் கீழே இடிபாட்டின் எண் இருக்கும், எந்தத் திசையிலிருந்து எடுத்தது என்று இருக்கும். நிற்கிறவர் பெயர் பெரும்பாலும் இருக்காது.

இதைப் பற்றிச் சங்கரன்கோவிலில் உட்கார்ந்துகொண்டு எழுத என்ன இருக்கு என்று கேட்கலாம். அந்தப் படங்களுக்கான செலவில் பெரும்பகுதி இந்தியக் காலனி அரசின் கஜானாவிலிருந்து போனது. ஹங்கேரியில் பிறந்து, லாகூர் ஓரியண்டல் கல்லூரியில் முதல்வராக இருந்து, பிறகு தொல்லியல் துறைக்குப் போன ஸ்டெயின், 1900-01, 1906-08, 1913-16 என்று மூன்று முறை சீனத் துருக்கிஸ்தானத்துக்கு, இன்றைய சின்ஜியாங்குக்கு, அந்த அரசின் ஊழியராகவே போனார். கொண்டுவந்ததில் ஒரு பங்கு லண்டனிலும் ஒரு பங்கு தில்லி தேசிய அருங்காட்சியகத்திலும் இருக்கிறது. அங்கே மண்ணுக்குள் கிடந்த எழுத்தும் இந்தியாவிலிருந்து போன கரோஷ்டி; மொழி காந்தாரிப் பிராகிருதம். இதையெல்லாம்விட முக்கியமாக எனக்குப் படுவது இன்னொன்று. அந்தப் படங்களை எடுத்த கண், அதே ஆண்டுகளில் நம் பக்கமும் திரும்பியிருந்தது.

நியா என்று இன்று சொல்லப்படும் இடிபாடு, சீனத்துக்கும் காந்தாரத்துக்கும் இடையே ஒட்டகச் சாத்துகள் போய்வந்த தென்வழியில் இருந்த ஊர். அன்றைக்கு அதன் பெயர் சடோத. கிழக்கே லூலானைச் சுற்றி இருந்த குரோரைனா அரசுக்கு உட்பட்டது. கி.பி. 3, 4ஆம் நூற்றாண்டுகளில் அங்கே நூற்றுக்கணக்கில் வீடுகள், பழத்தோட்டங்கள், ஒரு பௌத்தத் தூபி, வாய்க்கால்கள். ஆற்று நீர் பின்வாங்கியதாலா, அரசியல் குழப்பத்தாலா, இரண்டும் சேர்ந்தா என்ற விவாதம் இன்றுவரை முடியவில்லை. எப்படியோ ஊர் காலியானது. மணல் மூடியது. 1901 ஜனவரியில் ஸ்டெயின் போனபோது பட்டுப்போன பாப்லார் மரங்கள் வரிசை கலையாமல் நின்றன, வேலிப் படல்கள் இருந்தன, வேலிக்குக் கீழே ஆயிரத்தைந்நூறு வருஷத்துச் சருகு கிடந்தது.

'கண்டுபிடித்தார்' என்றுதான் எல்லாப் புத்தகமும் எழுதுகிறது. இந்தச் சொல்லைக் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். நியா கிராமத்தில் மாவு அரைக்கும் இப்ராஹிம் என்ற இளைஞர் ஒரு வருஷத்துக்கு முன்பே புதையல் தேடி அங்கே போயிருந்தார். புதையல் கிடைக்கவில்லை. எழுத்துள்ள பலகைகள் கிடைத்தன. சிலதை வழியில் வீசிவிட்டார், மிச்சத்தைப் பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுத்துவிட்டார். வீசினதில் இரண்டு ஸ்டெயினின் ஆட்கள் கண்ணில் பட்டுத்தான் காரியமே தொடங்கியது. இப்ராஹிமைத் தேடிப்பிடித்து வழிகாட்டியாகக் கூட்டிப்போனார்கள். லூலான் கதையும் இப்படித்தான். 1900இல் ஸ்வீடன்காரர் ஸ்வென் ஹெடினின் கூட்டத்தில் ஒரே மண்வெட்டியை எங்கேயோ விட்டுவிட்டு வந்துவிட்டார்கள். அதை எடுக்கத் தனியாகத் திரும்பிப்போன ஓர்தெக் என்பவர் புயலில் வழிதவறி, செதுக்கு வேலைப்பாடுள்ள மரப்பலகைகள் கிடந்த இடிபாட்டில் போய் முட்டிக்கொண்டார். மண்வெட்டியும் கிடைத்தது, லூலானும் கிடைத்தது. பெயர் ஹெடினுக்கு.

ஸ்டெயினுக்கு ஒரு நியாயம் செய்ய வேண்டும். இப்ராஹிம், ருஸ்தம் என்று தோண்டினவர்கள் பெயரைத் தன் நூல்களில் அவர் எழுதத்தான் செய்கிறார். 1906இல் இரண்டாம் முறை நியாவுக்குப் போனபோது ஓர் அதிகாரியின் வீட்டில் சுவரோரம் ஒளித்துவைத்திருந்த ஆவணக் குவியலை ருஸ்தம்தான் கண்டெடுத்தார் என்பதையும் மறைக்கவில்லை. கதை சொல்லும்போது ஆட்கள் வருகிறார்கள். படம் எடுக்கும்போது அளவுகோலாகிவிடுகிறார்கள். பிரதிக்கும் படத்துக்கும் நடுவே உள்ள இந்த விரிசலில்தான் அதிகாரம் வேலை செய்கிறது.

இது கருவியின் குறையா? ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. சென்னை அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் 1858இல் மதுரையில் படம் எடுத்தபோது, காகித நெகட்டிவ் வெளிச்சத்தை வாங்க வெகுநேரம் ஆகும். நடமாடுகிறவர்கள் அதில் விழமாட்டார்கள். அசையாமல் நின்றவன் மட்டும் இருப்பான், மற்றவர்கள் கரைந்துபோவார்கள். திருமலை நாயக்கர் மகாலின் தூண்கள் ஆளரவமில்லாமல் அந்தப் படங்களில் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். மதுரையில் ஆளில்லாத தெருவா? சங்கரன்கோவில் கோபுரத்தை மட்டும் எடுத்துவைத்துக்கொண்டு ஆடித்தபசைப் பற்றிப் பேச முடியுமா? ஆனால் ஸ்டெயின் காலத்தில் கண்ணாடித் தகடு வந்துவிட்டது. வேலை செய்கிறவனை வேலை செய்கிறபடியே பிடிக்கலாம். அவரும் சில இடங்களில் பிடித்திருக்கிறார். ஆக, காலி இடிபாடு என்பது அப்போது தொழில்நுட்பத்தின் கட்டாயம் அல்ல. ஒரு பழக்கமாக, ஒரு ரசனையாக அது நிலைபெற்றிருந்தது.

இன்னொரு வகைப் படமும் அதே பெட்டியில் இருக்கிறது. வழியில் இருந்த உயிருள்ள மனிதர்களை நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று நிறுத்தி எடுத்த படங்கள். கூடவே தலைச்சுற்றளவு, மூக்கு நீளம். இடிபாட்டுக்குப் பக்கத்தில் அளவுகோல், இங்கே அளக்கப்படும் பொருள். இதே வருஷங்களில் சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் மண்டையளக்கும் கருவியோடு நம் சாதிகளை அளந்துகொண்டிருந்தார். 1909இல் அது ஏழு தொகுதியாக வந்தது. அலெக்சாண்டர் ரீ ஆதிச்சநல்லூரில் தாழிகளைத் தோண்டிக்கொண்டிருந்ததும் இதே காலம்தான். தாமிரபரணிக் கரை மண்டையோடும் தக்லமக்கான் மரத்தூணும் ஒரே நிர்வாகத்தின் அறிக்கைத் தாள்களில் பதிவாயின.

பாலை என்றால் ஆளில்லாத இடம் என்ற எண்ணம் நமக்கு எங்கிருந்து வந்தது? சங்கப் பாடல்களிலிருந்து வந்திருக்க முடியாது. அகநானூற்றுப் பாலையில் எவ்வளவு நெரிசல்! உப்பு ஏற்றிய உமணர் வண்டிகள், சாத்துக்காகக் காத்திருக்கும் மறவர்கள், செத்தவர்களுக்கு நட்ட கற்கள், கல்லில் பெயர், கொற்றவை, பொருள் தேடிப் போகிறவன், அவனுக்குப் பின்னால் போகிறவள். இளங்கோ ஒரு படி மேலே போய், பாலை என்று தனி நிலமே கிடையாது, முல்லையும் குறிஞ்சியும் கெட்டுப்போனால் எடுக்கிற உருவம்தான் அது என்கிறார். அதாவது பாலை இயற்கையாகக் கிடப்பது அல்ல, ஆவது, ஆக்கப்படுவது. காலி நிலம் என்ற கருத்து நவீன அரசுகளின் வசதிக்கு வந்தது. லூலான் இருந்த லாப்நூர் வட்டாரத்தில் 1964 முதல் 1996 வரை சீனா அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்தது. வெறும் மணல்தானே, யார் இருக்கா அங்கே? இடிந்தகரைக்காரர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுப்பார்க்கலாம்.

நியாவில் யார் இருந்தார்கள் என்பது நமக்குத் தெரியும். படங்கள் சொல்லவில்லை, பலகைகள் சொல்கின்றன. தமிழ் எம்.ஏ. படித்தவர்களுக்கு டி. பர்ரோ என்றால் எமனோவோடு சேர்ந்து 1961இல் திராவிட வேர்ச்சொல் அகராதியைக் கொண்டுவந்தவர். அந்த அகராதிக்கு வெகுகாலம் முன்னால் அவர் உட்கார்ந்து வேலை செய்தது இந்தப் பலகைகளோடுதான். 1937இல் இவற்றின் மொழிக்கு ஓர் இலக்கணம் எழுதினார், 1940இல் மொழிபெயர்ப்பு வெளியிட்டார். பதிப்பிக்கப்பட்ட ஆவணங்கள் மொத்தம் 764. நம் வகுப்பறைகளில் பர்ரோவின் இந்தப் பாதி வாழ்க்கையை யாரும் சொல்வதில்லை. வேர்ச்சொல் போதும் நமக்கு.

முதல் ஆவணமே ஒரு மாட்டு வழக்கு. லிபெய என்பவரின் இரண்டு பசுக்களைச் சிப்பாய்கள் ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஒன்றைத் திருப்பி அனுப்பினார்கள், ஒன்றைத் தின்றுவிட்டார்கள். இதை விசாரித்துத் தீர்த்துவை என்று உள்ளூர் அதிகாரிக்கு அரசனின் ஆணை போகிறது. இதே லிபெய இன்னொரு ஆவணத்திலும் வருகிறார். சூனியக்காரிகள் என்று சொல்லி மூன்று பெண்களைப் பிடித்தார்கள். மற்ற இரண்டு பேரை விட்டுவிட்டு லிபெய வீட்டுப் பெண்ணை மட்டும் அடித்துக் கொன்றார்கள். அவருக்கு நஷ்டஈடு உண்டா என்பதுதான் விசாரணை. செத்தவளின் பெயரைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். அவள் 'லிபெயவைச் சேர்ந்தவள்'. இங்கேயும் ஒரு அளவுகோல் நிற்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பெண்பிள்ளைகளை விற்ற பத்திரங்கள் இருக்கின்றன. பிள்ளையின் உயரம் இத்தனை சாண், விலை இன்ன ஒட்டகம், சாட்சிகள் இன்னார். தத்துக் கொடுத்தால் வளர்த்தவள் ஊட்டிய பாலுக்கு என்று தனியாக ஒரு கூலி, ஒரு குதிரையோ ஒட்டகமோ. தப்பியோடினவர்களைப் பற்றிய ஆணைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. தண்ணீர்ச் சண்டை, தவசம் கட்டாத ஊர், மலையிலிருந்து இறங்கிக் கொள்ளையடிக்கும் சுபிகள். சங்கக் கூட்டத்துக்கு வராத பிக்குவுக்கும் இல்லறத்தான் உடுப்பில் வந்து நின்ற பிக்குவுக்கும் பட்டுச் சுருளில் தண்டம். இந்தப் பிக்குகளில் சிலருக்குப் பெண்டாட்டி பிள்ளையும் அடிமைகளும் இருந்தார்கள். புத்தம் சரணம் என்றதும் சமத்துவம் வந்துவிட்டதாக நினைக்கிற நண்பர்கள் பர்ரோவை ஒருதரம் புரட்டலாம்.

பட்டுப்பாதை என்று நாம் சொல்கிறோமே, அந்தப் பட்டைப் பற்றி ஒரு பலகை சொல்வது இவ்வளவுதான்: இப்போதைக்குச் சீனத்திலிருந்து வியாபாரிகள் வரவில்லை, ஆகையால் பட்டுக்கடன் வழக்கைத் தோண்ட வேண்டாம், வியாபாரிகள் வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம். சாத்து எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாத ஊர். கடிதங்கள் இன்னும் அருமை. தெய்வத்துக்கும் மனிதருக்கும் பிரியமானவரே என்று தொடங்கி, உடம்பு சௌக்கியமா என்று நீட்டி முழக்கி, கடைசியில் சின்னதாக ஓர் அன்பளிப்பு அனுப்பியிருக்கிறேன் என்று முடியும். இரண்டு ஆப்புப் பலகைகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்து, கயிறு கட்டி, களிமண் முத்திரை. சில முத்திரைகளில் கிரேக்கத் தெய்வமான அதீனா. காந்தார மொழி, கிரேக்க முத்திரை, சீன வியாபாரி, உள்ளூர்ப் பெயர். இனத் தூய்மை பேசுகிற எந்தக் கட்சிக்கும் இந்த ஊரால் பிரயோசனம் கிடையாது.

அப்படியும் சொல்லிவிட முடியாது. 1995இல் சீன-ஜப்பானியக் கூட்டு அகழாய்வில் நியாவின் ஒரு கல்லறையிலிருந்து பட்டு ஜரிகைக் கைக்காப்பு ஒன்று கிடைத்தது. வில்வித்தைக்காரர்கள் முன்கையில் கட்டுவது. அதில் நெய்திருந்த சீன எழுத்துகள், ஐந்து நட்சத்திரங்கள் கிழக்கில் தோன்றினால் 'நடுநாட்டு'க்கு நன்மை என்று பொருள்படும் ஒரு சோதிட வாக்கு. ஐந்து கோள்களைப் பற்றியது. அன்றைக்கு 'நடுநாடு' என்றால் சீனச் சமவெளி. ஆனால் இன்றைய சீனக் கொடியிலும் ஐந்து நட்சத்திரம், இன்றைய சீனாவின் பெயரும் அதே இரண்டு எழுத்து. போதாதா? வெளிநாட்டுக்குக் காட்சிக்கு அனுப்பக்கூடாத தேசியப் பொக்கிஷங்களின் பட்டியலில் ஏறிவிட்டது. 764 ஆவணங்களில் மாடு தொலைத்தவனும், அடிமை தொலைத்தவனும், ஓடிப்போனவனும் இருக்கிறார்கள். ஒரு ஜாண் துணியில் ஒரு தேசம் தன் முகத்தைப் பார்த்துக்கொள்கிறது. சிரிக்க வேண்டாம். கீழடிப் பானையோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நாமும் நம் முகத்தைத்தான் முதலில் தேடினோம். குழிக்குள் இறங்கி மண் சுமந்த பெண்களின் பெயர்களை எந்தக் கண்காட்சிப் படத்தின் கீழே படித்திருக்கிறோம்?

இனி ராம் சிங். ஸ்டெயினோடு போன இந்தியர்களில் இரண்டு ராம் சிங்குகள் உண்டு. ஒருவர் நில அளவைத் துறைக்காரர். நான் சொல்வது படையில் 'நாயக்' தரத்தில் இருந்த ராம் சிங்கை. ரூர்க்கியில் இருந்த சாப்பர்ஸ் அண்டு மைனர்ஸ் என்ற பொறியாளர் படையின் ஆள். தச்சு வேலை தெரியும், இடிபாட்டுக்கு வரைபடம் போடுவார், படத்தகடு கழுவும் வேலையிலும் கைகொடுப்பார். ஒரு ஆய்வுப் பயணத்தின் கை என்று யாரையாவது சொன்னால் இவரைத்தான் சொல்ல வேண்டும்.

மீரான் என்ற இடிபாட்டில் 1907இல் ஸ்டெயின் சுவரோவியங்களைக் கண்டார். பெரிய கண்களும் இறக்கையும் உள்ள உருவங்கள், ரோமானியச் சாயலுள்ளவை, வரைந்தவன் தித என்று ஒரு கரோஷ்டி வரியும், வாங்கிய கூலி எவ்வளவு என்பதும் சுவரிலேயே இருந்தன. மூவாயிரம் பம்மக. சம்பளத்தைச் சுவரில் எழுதிவைத்த அந்த ஓவியனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். எடுக்க முடிந்த ஓவியங்களைப் பெயர்த்தெடுத்துப் பெட்டி கட்டினார்கள். அவற்றில் சிலவற்றைத் தில்லியில் இன்றும் பார்க்கலாம். எடுக்க முடியாததை மணல் போட்டு மூடிவிட்டு வந்தார்கள். விட்டுப்போனதை மீட்டுவர 1908இல் ராம் சிங்கை அனுப்பினார் ஸ்டெயின். போகும்போதே தலைவலி. மீரானில் வேலை தொடங்கியபோது ஒரு கண் போய்விட்டது. திரும்பவில்லை அவர். ஒரு கண்ணோடு வேலையைத் தொடர்ந்தார். அடுத்த கண்ணும் போனது. இருட்டான ஆளை ஒட்டகத்தில் ஏற்றிக் கோத்தானுக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். யார்கண்டில் இருந்த ஸ்வீடன் மிஷனரி மருத்துவர், கண் அழுத்த நோய், கிளாக்கோமா, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்லிவிட்டார். அரசாங்கம் ஒரு சிறப்பு ஓய்வூதியம் கொடுத்தது. அதை அவர் வாங்கியது கொஞ்ச நாள்தான். 1909 முடிவதற்குள் இறந்துபோனார். ஸ்டெயினும் சும்மா திரும்பவில்லை. அதே 1908இல் குன்லுன் மலைப் பனியில் வலதுகால் விரல்கள் போயின. 1912இல் சர் பட்டம் வந்தது.

ராம் சிங்கின் கண்ணைப் பாலைவனம் தின்றது என்றெல்லாம் கவிதை பண்ண விருப்பமில்லை. கிளாக்கோமா எங்கே இருந்தாலும் வரும். ஆனால் ஊரில் இருந்திருந்தால் முதல் கண் போனதும் வேலையை விட்டிருப்பாரா, ஏன் விடவில்லை, யாருக்குப் பயந்து அல்லது யாருக்கு விசுவாசமாக? ஸ்டெயினின் நூல் அவருடைய கடமையுணர்வை மனமாரப் புகழ்கிறது. ராம் சிங் பேசி நமக்கு எதுவும் கிடைக்கவில்லை. ஒரு படம் இருக்கிறது. உலுக் மசார் என்ற பாலைவன இடத்தில் எடுத்த குழுப்படம். ஸ்டெயின் நடுவில், மடியில் அவருடைய நாய். நிற்பவர்களில் ஒருவராக ராம் சிங். இந்தப் படத்தில் எல்லோருக்கும் பெயர் இருக்கு, நாய்க்கும்தான்.

'மசார்' என்பது அந்த மண்ணின் உய்குர் மக்களுக்குத் தர்கா மாதிரி. பெரியவர்களின் அடக்கத்தலம். நேர்ந்துகொண்டு வருவார்கள், கம்பு நட்டுக் கொடித்துணி கட்டுவார்கள். பிள்ளை வேண்டும் என்று துணிப்பொம்மை செய்து வைப்பார்கள். கோமதியம்மன் சந்நிதியில் புற்றுமண் வாங்கிக்கொண்டு, நாகக்கட்டுக்கு வெள்ளித் தகடு போடுகிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நியா இடிபாட்டுக்குப் போகும் வழியில் கடைசி மனிதக் குடியிருப்பு இமாம் ஜாஃபர் சாதிக் மசார்தான். ஸ்டெயின் அங்கே தங்கித்தான் உள்ளே போனார், தோண்ட ஆளும் அந்தப் பக்கத்தில்தான் எடுத்தார். படத்தில் அளவுகோலாக நின்றவர்களில் சிலர் அங்கே வேண்டுதல் வைத்தவர்களாகவும் இருக்கலாம். உயிருள்ள ஊர் அது. வருஷந்தோறும் கூட்டம் கூட்டமாக யாத்திரை போன இடம்.

இந்த மசார்களை முறையாகப் பதிவுசெய்தவர் ராஹிலே தாவுத், சின்ஜியாங் பல்கலைக்கழகப் பேராசிரியர், உய்குர்ப் பெண். ஊர் ஊராகப் போய்ப் படமெடுத்து, கதைகளைக் கேட்டு எழுதி 2000க்குப் பிறகு நூலாக வெளியிட்டார். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் லிசா ராஸ் இவர் துணையோடு எடுத்த மசார்ப் படங்கள் 2013இல் புத்தகமாக வந்தன. விசித்திரம் என்னவென்றால் ராஸின் படங்களிலும் ஆட்கள் இல்லை. மணல், வானம், நட்டுவைத்த கம்புகள். ஸ்டெயின் படத்தின் அதே சட்டகம் என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடலாம். ஆனால் கம்பில் கட்டிய துணியின் சாயம் இன்னும் வெளுக்கவில்லை, கட்டிவிட்டுப் போனவர் இப்போதுதான் போயிருக்கிறார். ஆள் இல்லாமலே ஆளைக் காட்ட முடியும்போல.

2017 டிசம்பரில் பெய்ஜிங்குக்குக் கிளம்பிய ராஹிலே தாவுத் அதன் பிறகு காணாமல்போனார். அவருக்கு ஆயுள் தண்டனை என்று 2023 செப்டம்பரில் அமெரிக்காவின் டுய் ஹுவா அமைப்பு மூலம் வெளியே தெரிந்தது. நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்து என்பது குற்றச்சாட்டு. இதற்கிடையில், 2019இல் செயற்கைக்கோள் படங்களைப் பழையதும் புதியதுமாக ஒப்பிட்டு வெளியான புலனாய்வில், பல மசார்களும் பள்ளிவாசல்களும் இடிக்கப்பட்டிருப்பது தெரிந்தது. இமாம் ஜாஃபர் சாதிக் மசாரின் கட்டடங்கள் 2018 மார்ச் வாக்கில் தரைமட்டமாகியிருந்தன. வடக்கே, மணலுக்குள், நியா இடிபாடுகள் 1996இலிருந்து தேசியப் பாதுகாப்புச் சின்னம். தூண்கள் அப்படியே நிற்கின்றன.